'இழுத்துக்கிச்சு' என்றால் என்ன எழுதுவது? ஆம்புலன்ஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு சொல் வழிகாட்டி

"இழுத்துக்கிச்சு சார், சீக்கிரம் வாங்க" என்று ஒரு அழைப்பு. வண்டி கிளம்பிவிட்டது. போகிற வழியில் எதற்குத் தயாராவீர்கள்?

நான் ஆம்புலன்ஸில் ஏறிய முதல் வருடம், இப்படி ஓர் அழைப்பை வலிப்பு என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். போய்ப் பார்த்தால் திண்ணையில் ஒரு அம்மா, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். ஆஸ்துமா. அந்த ஊரில் 'இழுப்பு' என்றால் அதுதான். நெபுலைசர் வண்டியில் கிடந்தது, என் கையில் இருந்ததோ வாயில் நிற்பதை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன். திரும்ப ஓடிப் போய் எடுத்து வந்தேன். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் பல நாள் உறுத்தியது.

யோசித்துப் பாருங்கள். 'இழுப்பு' என்றால் வீசிங். 'கை கால் இழுத்துக்கிச்சு' என்றால் வலிப்பு. 'ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு' என்றால் பக்கவாதம். 'இழுத்துக்கிட்டு கெடக்கு' என்றால் உயிர் போகிற நேரத்து மூச்சு. ஒரே வினைச்சொல்லில் நான்கு வெவ்வேறு அவசரங்கள். இதே மாதிரி வழுக்குகிற சொற்கள் இன்னும் நிறைய உண்டு.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டியில் இரண்டு பேர்: வண்டியை ஓட்டுபவர் பைலட், நோயாளியைப் பார்ப்பவர் இ.எம்.டி., அதாவது எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன். சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு மையத்து டாக்டரிடம் போனில் கேட்கலாம், அவரை இ.ஆர்.சி.பி. என்போம். அவர் நோயாளியைப் பார்க்கப்போவதில்லை, உங்கள் சொற்களைத்தான் பார்க்கிறார். நீங்கள் சொல்வது மங்கலாக இருந்தால் அவர் சொல்லும் ஆலோசனையும் மங்கலாகத்தான் இருக்கும். வீட்டார் பேசுவது ஒரு மொழி, கேஷுவாலிட்டியில் பேசுவது இன்னொரு மொழி. நடுவில் நிற்பவர் நீங்கள். அந்த வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

வண்டியில் ஏறும் முன்: சொல்லை உடைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பலர் டாகிப்னியா, ப்ராடிகார்டியா, ஹைப்போகிளைசீமியா என்று நூறு சொற்களை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள். வேண்டியதில்லை. இவை எல்லாம் தலையும் வாலும் ஒட்டவைத்த சொற்கள். தலைகள்: 'டாகி' என்றால் வேகம், 'ப்ராடி' மெதுவு, 'ஹைப்பர்' அதிகம், 'ஹைப்போ' குறைவு, 'டிஸ்' சிரமம், முன்னால் வெறும் 'அ' வந்தால் இல்லவே இல்லை. வால்கள்: 'ப்னியா' மூச்சு, 'கார்டியா' இதயத்துடிப்பு, 'டென்ஷன்' ரத்த அழுத்தம், 'கிளைசீமியா' ரத்தச் சர்க்கரை, 'தெர்மியா' உடல் வெப்பம், 'யூரியா' சிறுநீர். இப்போது நீங்களே ஒட்டிப் பாருங்கள். மூச்சே இல்லை என்றால்? அப்னியா. மூச்சு விடச் சிரமம் என்றால்? டிஸ்ப்னியா. உடம்பு சில்லிட்டுப் போனால்? ஹைப்போதெர்மியா. ஒரு மணி நேரத்தில் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் இப்போதே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி சொல்வது சிம்ப்டம், நீங்கள் கண்டது சைன். 'தலை சுத்துது' என்பது சிம்ப்டம், வியர்த்திருப்பது சைன். வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றால் சிம்ப்டம். உங்கள் சட்டையில் எடுத்துவிட்டார் என்றால் சைன்.

முதல் படி: இறங்கும் முன் இடத்தைப் பாருங்கள்

இதற்கு சீன் சேஃப்டி என்று பெயர். அறுந்து கிடக்கும் மின்கம்பி, கவிழ்ந்த டேங்கர், கிணறு, கழிவுநீர்த் தொட்டி. தொட்டிக்குள் ஒருவர் விழுந்து, தூக்கப் போன இரண்டாமவரும் மயங்கி, மூன்றாமவரும் உள்ளே கிடந்த செய்திகளை எத்தனை முறை படித்திருப்போம். நீங்கள் நான்காவது ஆளாக வேண்டாம். தீயணைப்புத் துறை வரட்டும்.

அப்புறம், நடந்தது என்ன? காயம் என்றால் மெக்கானிசம் ஆஃப் இன்ஜுரி, நோய் என்றால் நேச்சர் ஆஃப் இல்னஸ். 'ஆக்சிடென்ட்' என்று மட்டும் எழுதினால் அதில் ஒன்றுமே இல்லை. இருசக்கர வண்டியா, ஓட்டினாரா பின்னால் உட்கார்ந்திருந்தாரா, ஹெல்மெட் இருந்ததா, எதில் மோதியது, எவ்வளவு தூரம் தூக்கி எறியப்பட்டார்? பின்னால் உட்கார்ந்த பெண் என்றால் சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கியதா? பனையோ தென்னையோ ஏறி விழுந்தவர் என்றால் எத்தனை அடி, எதன் மேல் விழுந்தார், எந்தப் பாகம் முதலில் பட்டது? இந்த விவரத்தை டாக்டர் பிறகு எங்கேயும் வாங்க முடியாது. அங்கே நின்றிருந்தவர்களோடு பேசியவர் நீங்கள் மட்டும்தான்.

இரண்டாம் படி: வாசலிலிருந்து ஒரு பார்வை, பிறகு ஏ-பி-சி-டி-இ

வாசலில் நின்று பார்க்கும் முதல் பார்வைக்கு ஜெனரல் இம்ப்ரஷன் என்று பெயர். அந்த அம்மா கைகளை ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாரே, அதற்கு ட்ரைபாட் பொசிஷன் என்பார்கள். அதைத் தொலைவிலிருந்து பார்த்தாலே மூச்சுப் பிரச்சினை என்று தெரிந்துவிடும். நான் அன்றைக்கு பார்த்தேன், ஆனால் அதற்குப் பெயர் தெரியாததால் கவனிக்கவில்லை. சொல் தெரிந்தால் கண்ணும் தெரியும் என்று அன்றுதான் புரிந்தது.

பக்கத்தில் போனதும் நினைவு நிலை. ஏ.வி.பி.யூ. என்று நான்கு எழுத்து. அலர்ட்: விழித்து உங்களைப் பார்க்கிறார். வாய்ஸ்: கூப்பிட்டால் அசைகிறார். பெயின்: வலி கொடுத்தால்தான் அசைகிறார். அன்ரெஸ்பான்சிவ்: எதற்கும் இல்லை. வலி கொடுப்பது என்றால் கன்னத்தில் அறைவது இல்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தசையைப் பிடித்து அழுத்துங்கள், அல்லது நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்துங்கள்.

ஏ என்பது ஏர்வே, மூச்சுப் பாதை. பேசுகிறார் என்றால் திறந்திருக்கிறது. 'பேடன்ட்' என்று எழுதலாம். சத்தம் வந்தால் அந்தச் சத்தமே நோயைச் சொல்லும். குறட்டை மாதிரி என்றால் நாக்கு பின்னால் சரிந்திருக்கிறது. களகளவென்றால் ரத்தமோ வாந்தியோ உள்ளே நிற்கிறது, சக்ஷன் எடுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று வந்தால் ஸ்ட்ரைடர், தொண்டையில் அடைப்பு. மூச்சை வெளியே விடும்போது விசில் மாதிரி வந்தால் வீஸ், நுரையீரலுக்குள் குழாய்கள் சுருங்கியிருக்கின்றன. ஸ்ட்ரைடருக்கும் வீஸுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதால் பழகுங்கள், படித்து வராது.

பி, ப்ரீத்திங். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை. முழு 30 விநாடியாவது எண்ணுங்கள், "இப்ப மூச்சை எண்ணப்போறேன்" என்று சொல்லாமல் எண்ணுங்கள்; சொன்னால் மாற்றி விடுவார்கள். நாடியைப் பிடித்தபடியே நெஞ்சைப் பார்ப்பது பழைய தந்திரம். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. 'மூச்சு இருக்கு சார், இழுத்துக்கிட்டு இருக்கு' என்று வீட்டார் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் வாயைத் திறந்து எப்போதாவது ஒரு முறை மீன் மாதிரி இழுப்பார், அவ்வளவுதான். அது அகோனல் காஸ்பிங். அது மூச்சு இல்லை. நாடி இல்லாவிட்டால் அது கார்டியாக் அரெஸ்ட், இதயம் நின்றுவிட்டது; உடனே நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். அந்த ஒரு இழுப்பை நம்பிக் காத்திருந்தால் கதை முடிந்துவிடும்.

சி, சர்க்குலேஷன். ரத்தம் பீறிட்டால் அதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் பிறகு. நாடி பெரியவர்களுக்கு 60 முதல் 100. எண்ணோடு தன்மையையும் சொல்லுங்கள்: சீராக இருக்கிறதா, பலமாக இருக்கிறதா, நூல் மாதிரி ஓடுகிறதா. நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆனால் கேப்பிலரி ரீஃபில் தாமதம். தோலைப் பற்றிப் புத்தகங்கள் 'இளஞ்சிவப்பு, வெளிறியது' என்று எழுதுவது வெள்ளைத் தோலுக்கு. நம்ம ஊர்த் தோலில் பேலர், அதாவது வெளிறல், தெரிய வேண்டும் என்றால் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். நாக்கு, உதட்டின் உள்பக்கம், நகப்படுகை பாருங்கள். நீலம் பாய்ந்தால் சயனோசிஸ், மஞ்சள் என்றால் ஐக்டரஸ். குப்பென்று வியர்த்திருந்தால் டயஃபோரெடிக். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டயஃபோரெடிக்காக இருக்கும் ஒருவர் "வாயு சார், சோடா குடிச்சா சரியாயிடும்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

டி: கிளாஸ்கோ கோமா ஸ்கேல், நம்ம ஊர் முறையில்

டி என்பது டிசபிலிட்டி, அதாவது மூளை எப்படி வேலை செய்கிறது என்பது. இங்கேதான் ஜி.சி.எஸ். வருகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974-இல் கொண்டுவந்த அளவுகோல். கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. குறைந்தபட்சம் 3. புதியவர்கள் பூஜ்யம் போட்டு வருவார்கள். இறந்தவருக்கும் 3-தான், பூஜ்யம் கிடையாது.

கண்: தானாகத் திறந்திருந்தால் 4, கூப்பிட்டால் 3, வலிக்கு 2, இல்லையென்றால் 1. முகம் வீங்கிக் கண்ணே திறக்க முடியாதவருக்கு 1 போடாதீர்கள். சோதிக்க முடியவில்லை என்று எழுதுங்கள்.

பேச்சுதான் தகராறு. தெளிவாகப் பதில் சொன்னால் 5, குழம்பிப் பேசினால் 4, சம்பந்தமில்லாத தனிச் சொற்கள் 3, வெறும் முனகல் 2, ஒன்றுமில்லை 1. 'இது என்ன மாசம்?' என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். "புரட்டாசி பொறந்து நாலு நாளாச்சு" என்றார். கூட வந்த புதிய தம்பி 4 போட்டிருந்தான், செப்டம்பர் என்று சொல்லவில்லையாம். அந்தப் பாட்டி நம்மைவிடத் தெளிவு. 5 போட வேண்டும். அதே மாதிரி, கட்டட வேலைக்கு வந்த ஒடிசாத் தொழிலாளியோ பீகார்த் தொழிலாளியோ பேசுவது உங்களுக்குப் புரியாததால் அது 'இன்கம்ப்ரஹென்சிபிள்' ஆகிவிடாது. கூட வேலை பார்க்கிற ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். "இவன் பேசுறது சரியா இருக்கா, உளர்றானா?" என்று அவரிடம் கேளுங்கள்.

அசைவு: சொன்னபடி செய்தால் 6. "கையைத் தூக்குங்க" என்றால் தூக்க வேண்டும். உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டது மட்டும் போதாது, விடச் சொன்னால் விட வேண்டும். வலி கொடுக்கும் இடத்தைத் தேடிக் கை வந்தால் 5, வெறுமனே கையை இழுத்துக்கொண்டால் 4, கை மடங்கி விறைத்தால் 3, நீண்டு விறைத்தால் 2.

மொத்தத்தை மட்டும் சொல்லாதீர்கள். "ஜி.சி.எஸ். 10" என்றால் எந்தப் பத்து? "இ3 வி2 எம்5" என்று பிரித்துச் சொல்லுங்கள்; இ கண், வி பேச்சு, எம் அசைவு. 8-க்குக் கீழே வந்தாலோ 8-ஆகவே இருந்தாலோ மூச்சுப் பாதையைக் காக்கும் திறன் அவருக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே இரண்டு சோதனை. டார்ச் அடித்துக் கண்பாவை: இரண்டும் ஒரே அளவா, வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா. அடுத்து குளுக்கோமீட்டர். நினைவு குழம்பிய யாருக்கும், யாருக்குமே, சர்க்கரை பார்க்காமல் விடாதீர்கள். 70-க்குக் கீழே என்றால் ஹைப்போகிளைசீமியா. சாலையோரம் கிடந்தவரிடம் சாராய வாடை அடிக்கிறது என்பதால் 'போதை' என்று எழுதி முடித்துவிடுவார்கள். குடித்தவருக்குத் தலையில் அடிபடாதா? சர்க்கரை இறங்காதா? 'மூச்சில் ஆல்கஹால் வாடை' என்று எழுதுங்கள், அது நீங்கள் உணர்ந்தது. 'குடிபோதையில் இருந்தார்' என்பது உங்கள் தீர்ப்பு.

இ, எக்ஸ்போஷர். துணியை விலக்கிப் பாருங்கள், முதுகையும் பாருங்கள், பார்த்ததும் போர்த்துங்கள். பெண் என்றால் வீட்டுப் பெண் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, என்ன செய்கிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: கேட்பது

வரலாறு கேட்க 'சாம்பிள்' என்ற ஒரு சொல்லை எல்லா ஊரிலும் சொல்லித்தருகிறார்கள். அதன் ஆறு எழுத்தும் ஆறு கேள்வி: என்ன செய்கிறது, எது ஒத்துக்கொள்ளாது, என்ன மருந்து எடுக்கிறார், முன்பு என்ன நோய், கடைசியாக என்ன சாப்பிட்டார், எப்படி ஆரம்பித்தது. கடைசியாகச் சாப்பிட்டதைக் கேட்பதற்கு நமக்குப் பயிற்சியே தேவையில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் அதைத்தானே முதலில் கேட்கிறோம்.

அலர்ஜி என்று கேட்டால் பலருக்குப் புரியாது. "எந்த ஊசியாவது மாத்திரையாவது சேராம போயிருக்கா? உடம்பு தடிச்சிருக்கா?" என்று கேளுங்கள். "கத்தரிக்கா சேராது, கருவாடு சேராது" என்று பட்டியல் வரும். பொறுமையாகக் கேட்டுவிட்டு மருந்துக்கு வாருங்கள். மருந்துப் பெயர் தெரியாது, "வெள்ளை மாத்திரை, சின்னது" என்பார்கள். மாத்திரைக் கவரை அப்படியே கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள். நாட்டு மருந்து, லேகியம், மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். பழைய நோயைக் கேட்கும்போது 'வேறு ஏதாவது வியாதி இருக்கா' என்றால் இல்லை என்பார்கள். 'சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, ஸ்டென்ட் வச்சிருக்கா, ஃபிட்ஸ் வந்திருக்கா' என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் மூன்றுக்கு ஆமாம் வரும். சுகரை வியாதி என்றே நம்மவர்கள் எண்ணுவதில்லை.

வலி என்றால் ஓ.பி.க்யூ.ஆர்.எஸ்.டி. எப்படி ஆரம்பித்தது, எதனால் கூடுகிறது குறைகிறது, எந்த மாதிரி வலி, எங்கே பரவுகிறது, எவ்வளவு, எத்தனை நேரமாக. இதில் 'எந்த மாதிரி' என்ற கேள்விக்குத் தமிழைப் போல வசதியான மொழி வேறு இருக்குமா தெரியவில்லை. பிசையுது, அழுத்துது, பாறாங்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு, சுருக்குனு குத்துது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, முறுக்கிப் பிடிக்குது, எரியுது. இவற்றை மொழிபெயர்க்காதீர்கள். அவர் சொன்ன சொல்லையே மேற்கோள் குறிக்குள் போட்டு எழுதுங்கள். பிசைவதற்கும் குத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் டாக்டருக்கு வேலையே இருக்கிறது; நீங்கள் இரண்டையும் 'செஸ்ட் பெயின்' என்று ஒன்றாக்கிவிட்டால் அது போய்விடும். 'பத்துக்கு எத்தனை' என்ற கேள்வி வயதானவர்களுக்குப் பிடிபடாது. "பத்து ரூபா முழு வலின்னா, உங்களுக்கு எத்தனை ரூபா வலி?" என்று கேட்பேன். டக்கென்று பதில் வரும். சிலர் பதினைந்து ரூபாய் என்பார்கள். சரி, பத்து என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

வழுக்கும் சொற்கள் சில

'மயக்கம்' முதலிடம். மயக்கமா வருது என்றால் தலைசுற்றல், அதாவது கிடினெஸ். மயக்கம் போட்டு விழுந்துட்டார் என்றால் சின்கோபி, விழுந்து தானாகவே தெளிந்தவர். மயக்கமாவே கெடக்கார் என்றால் இப்போதும் நினைவில்லை. "விழுந்தாரா? கூப்பிட்டப்போ பதில் சொன்னாரா? எத்தனை நிமிஷம்? தானா எழுந்தாரா?" இந்த நான்கையும் கேட்காமல் அந்தச் சொல்லை எழுதாதீர்கள்.

'மருந்து குடிச்சிட்டா' என்று கிராமத்தில் சொன்னால் இருமல் மருந்து இல்லை, பூச்சிக்கொல்லி. வீட்டார் வெட்கத்திலும் போலீஸ் பயத்திலும் இழுத்து இழுத்துத்தான் சொல்வார்கள். "திட்ட வரல, எந்த மருந்துன்னு தெரிஞ்சாத்தான் காப்பாத்த முடியும்" என்று தணிவாகச் சொல்லி டப்பாவை வாங்கிக்கொள்ளுங்கள். கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, எச்சில் வழிந்து, வியர்த்துக் கொட்டினால் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி என்று சந்தேகப்படலாம். நீங்கள் பார்த்த அந்த மூன்றையும் எழுதுங்கள். அரளி விதை என்றால் நாடி மெதுவாகும். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் ஒடுவன் தழை என்று சொல்வார்கள்; தின்றவர் முதலில் சாதாரணமாக நடமாடுவார், பிறகுதான் சரிவார். 'ஸ்டேபிள்' என்று எழுதி அலட்சியமாக ஒப்படைத்துவிடக் கூடாது. தழையின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

'பூச்சி கடிச்சிருச்சு.' ராத்திரியில் பாம்பு என்ற பெயரைச் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் 'பூச்சி' என்பார்கள். "பூச்சின்னா எந்தப் பூச்சி பாட்டி, ஊர்ந்து போறதா?" என்று கேட்டுவிடுங்கள். கட்டுவிரியன் தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும், கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, தொண்டை அடைக்குது, கண்ணைத் திறக்க முடியலை என்பார். இமை தொங்குவதற்கு டோசிஸ் என்று பெயர். அதைப் பார்த்துவிட்டால் அவர் மூச்சின் மேலிருந்து உங்கள் கண்ணை எடுக்காதீர்கள்.

பக்கவாதத்தில் ஒரே ஒரு கேள்வி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். "எப்ப ஆச்சு?" என்று கேட்டால் "காலைல அஞ்சு மணிக்கு எழுப்பினேன், வாய் கோணியிருந்துச்சு" என்பார்கள். அது கண்ட நேரம். "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்று கேட்டால், "ராத்திரி பத்து மணிக்குப் படுக்கும்போது பேசினார்" என்பார்கள். இதுதான் லாஸ்ட் நோன் வெல். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நான்கரை மணி நேரக் கணக்கு இரண்டாவதிலிருந்துதான் ஓடுகிறது.

நான்காம் படி: தலை முதல் கால் வரை

காயம் பட்டவரைத் தடவிப் பார்ப்பது செகண்டரி சர்வே. தலைக்காயம் என்றால் எந்த ஜி.எச்.-இலும் இந்த நான்கைக் கேட்பார்கள், பதிலோடு போங்கள்: நினைவு தப்பியதா, வாந்தி எடுத்தாரா, ஃபிட்ஸ் வந்ததா, காது மூக்கு தொண்டையில் ரத்தம் வந்ததா. நினைவு தப்பியதை எல்.ஓ.சி. என்று சுருக்கி எழுதுவார்கள். சிலர் அதே எழுத்துகளை 'நினைவின் அளவு' என்ற பொருளிலும் எழுதுவார்கள். நீங்கள் விரித்தே எழுதுங்கள்.

காயத்தின் பெயர்களில் கவனம் வேண்டும். சிராய்ப்பு அப்ரேஷன். கன்றிப்போனது கன்டியூஷன், மூளை அதிர்ச்சியான கன்கஷனோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கிழிந்த காயம் லேசரேஷன், மழுங்கிய பொருள் மோதித் தோல் கிழிவது. கத்தி, அரிவாள் பட்டு விளிம்பு நேராக இருந்தால் இன்சைஸ்டு வூண்ட். அடிதடி வழக்கில் இந்த ஒரு சொல் நீதிமன்றம் வரைக்கும் போகும். எது என்று உறுதியில்லை என்றால் 'நெற்றியின் இடப்பக்கம் 4 சென்டிமீட்டர் திறந்த காயம், விளிம்பு ஒழுங்கற்றது' என்று பார்த்ததை எழுதிவிடுங்கள். இடது வலது எப்போதும் நோயாளியுடைய இடது வலது, உங்களுடையது இல்லை. உடம்பின் நடுவுக்குப் பக்கத்தில் இருப்பது ப்ராக்சிமல், விலகி இருப்பது டிஸ்டல்: முழங்கையைவிட மணிக்கட்டு டிஸ்டல். மல்லாந்து கிடந்தால் சுபைன், குப்புறக் கிடந்தால் ப்ரோன்.

ஐந்தாம் படி: எண்கள்

நாடி, மூச்சு, பி.பி., எஸ்.பி.ஓ.2 (ஆக்சிமீட்டர் காட்டும் ரத்த ஆக்சிஜன் அளவு), வெப்பம், சர்க்கரை. ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதுங்கள். கவலைக்கிடமானவருக்கு 5 நிமிடத்துக்கு ஒரு முறை, மற்றவர்களுக்கு 15 நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பப் பாருங்கள். நாடி 96, 108, 124 என்று ஏறுவதைக் காட்டினால் டாக்டர் எழுந்து வருவார். கடைசி எண்ணை மட்டும் சொன்னால் அந்த ஓட்டம் தெரியாது. கை சில்லிட்டிருந்தாலும் நெயில் பாலிஷ் இருந்தாலும் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும். புகையில் மாட்டியவருக்கு 99 காட்டினாலும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடை அந்தக் கருவி ஆக்சிஜன் என்றே நினைத்துக்கொள்ளும். வண்டிச் சத்தத்தில் ஸ்டெத் கேட்கவில்லை என்றால் நாடியைத் தொட்டு மேல் அளவை மட்டும் எடுத்து '90, தொட்டறிந்தது' என்று எழுதுங்கள். தோராயமாக 120/80 என்று எழுதுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. ஷாக்கில், அதாவது ரத்த ஓட்டம் சரிந்த நிலையில், இருந்த ஒருவருக்கு அப்படி எழுதிய தாளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: ஒப்படைப்பது

வரும் வழியிலேயே சொல்லிவிடுவது ப்ரீ அரைவல் இன்டிமேஷன். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ட்ரையேஜ் நிறம் சொல்லுங்கள், எவ்வளவு அவசரம் என்பதற்கான நிறம் அது. உள்ளே நுழைந்ததும் அரை நிமிடப் பேச்சு, அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். இப்படிச் சொல்லலாம்:

"டாக்டர், 58 வயசு ஆண். நெஞ்சில் 'பாறாங்கல் வச்ச மாதிரி' அழுத்தம், காலை 6:10-க்கு ஆரம்பம், தாடைக்குப் பரவுது. சுகரும் பிரஷரும் இருக்கு, மாத்திரை கவர் இதோ. மருந்து அலர்ஜி இல்லை. நாங்க 6:40-க்குப் பார்த்தப்போ அலர்ட், டயஃபோரெடிக். நாடி 104, பி.பி. 150/90, எஸ்.பி.ஓ.2 93, சுகர் 212. இ.ஆர்.சி.பி. டாக்டர் சொல்லி ஆஸ்பிரின் மென்று சாப்பிடக் கொடுத்தோம், 6:48. இப்போ நாடி 98, வலி எட்டிலிருந்து ஆறு."

'ஹார்ட் அட்டாக் கேஸ் டாக்டர்' என்ற வார்த்தையே இதில் இல்லை, கவனித்தீர்களா? சொல்ல வேண்டியதும் இல்லை. நேரங்களை ஓடுகிற வண்டியில் காகிதத்தில் எழுத முடியாது. தொடையில் ஒரு துண்டு பிளாஸ்டரை ஒட்டி அதில் கிறுக்கிக்கொள்ளுங்கள், ஒப்படைத்த பிறகு பி.சி.ஆர். என்ற நோயாளிப் பதிவுத் தாளில் ஏற்றலாம். டாக்டர் கையெழுத்தை அங்கேயே வாங்கிவிடுங்கள். அடுத்த அழைப்பு வந்து வண்டி கிளம்பி, பிறகு திரும்பி வந்து தேடினால் அந்த டியூட்டி டாக்டர் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார்.